மன்னிப்பது ஒரு முடிவு, மறுபடி நம்புவது வேறு முடிவு

நெருங்கிய ஒருவர் நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்கிறார். கண் கலங்கி எதிரில் நிற்கிறார். சுற்றி இருப்பவர்களும் "பெரிய மனசு பண்ணு" என்கிறார்கள். "சரி, விடு" என்று சொல்லியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே ஆள் பழைய பொறுப்பை, பழைய சாவியை, பழைய கணக்கைத் திரும்பக் கேட்கிறார். கொடுக்க மனம் வரவில்லை. உடனே பழி இடம் மாறுகிறது: "அப்போ மன்னிச்சேன்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

இப்படி மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். இரண்டு தனி முடிவுகளை ஒரே மூச்சில் எடுத்ததுதான் அவர்கள் செய்த பிழை. மன்னிப்பு ஒன்று, நம்பிக்கை இன்னொன்று. இரண்டையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆதாரத்தை வைத்து முடிவு செய்யலாம். செய்யவும் வேண்டும்.

இரண்டும் எங்கே பிரிகின்றன

மன்னிப்பு நடந்து முடிந்ததைப் பற்றியது. நம்பிக்கை இனி நடக்கப்போவதைப் பற்றியது. மன்னிப்பதற்கு எதிராளியே தேவையில்லை. இறந்துபோனவரை மன்னிக்கலாம், எங்கே இருக்கிறார் என்று தெரியாதவரை மன்னிக்கலாம், "நான் எந்தத் தப்பும் பண்ணலை" என்று இன்றுவரை சாதிப்பவரைக்கூட மன்னிக்கலாம். நம்புவதற்கோ எதிராளியின் ஒத்துழைப்பு இல்லாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. அவர் நடந்துகொள்ளும் விதம்தான் அதற்கான ஆதாரம். உங்கள் நல்ல மனசு ஆதாரம் ஆகாது.

இன்னொரு வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. மன்னிப்பு ஒரு செயலைச் சுட்டுகிறது: "அன்று நீ செய்த அந்தக் காரியத்தை மன்னிக்கிறேன்." நம்பிக்கை துறை துறையாகப் பிரிகிறது. ரகசியத்தை நம்பிச் சொல்லலாம், பணத்தை நம்பிக் கொடுக்க முடியாது என்ற ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தையை நம்பி விடலாம், நேரத்துக்கு வருவார் என்று நம்ப முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். "அவரை நம்பலாமா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. "எந்த விஷயத்தில், எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மன்னிப்பை ஆராய்ந்தவர்களும் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதைப் படித்த ராபர்ட் என்ரைட், மன்னிப்பை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: கோபத்தை மறைக்காமல் வெளியே எடுப்பது, மன்னிப்பது என்று முடிவெடுப்பது, அதற்காக மனதளவில் உழைப்பது, அதிலிருந்து ஏதோ ஒரு பொருளைக் கண்டடைவது. மன்னிப்பதென்றால் தவறை நியாயப்படுத்துவதோ, மறப்பதோ, மறுபடி சேர்ந்து வாழ்வதோ அல்ல என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எவரெட் வொர்த்திங்டன் என்ற உளவியலாளர் மன்னிப்பையே இரண்டாகப் பிரிக்கிறார். பழிவாங்க மாட்டேன் என்று தீர்மானிப்பது முடிவளவிலான மன்னிப்பு. மனதில் இருக்கும் கசப்பு கரைவது உணர்வளவிலான மன்னிப்பு. முதலாவது ஒரே நாளில் நடக்கலாம். இரண்டாவது அதன்பின் மெல்ல வரும், சில சமயம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். "மன்னித்துவிட்டேன், ஆனாலும் அவரைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது" என்பவர் பொய் சொல்லவில்லை. முதலாவது முடிந்து இரண்டாவது நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கைக்குப் பொருத்தமான விளக்கத்தை 1995-இல் மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூவர் கொடுத்தார்கள். எதிராளி என்ன செய்வார் என்பதை நம்மால் கட்டுப்படுத்த முடியாத நிலையிலும், அவரால் நமக்குப் பாதிப்பு வரக்கூடிய இடத்தில் நம்மை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பதே நம்பிக்கை. அந்தச் சம்மதத்தை மூன்று விஷயங்களைப் பார்த்துக் கொடுக்கிறோம்: அவருக்குத் திறமை இருக்கிறதா, நம்மேல் அக்கறை இருக்கிறதா, நேர்மை இருக்கிறதா.

எது உடைந்தது என்று முதலில் பாருங்கள்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த மூன்றில் எது உடைந்தது என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணம். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கான பணம் அதில் இருக்கிறது. தம்பி நான்கு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தன் கடனுக்குக் கட்டியிருக்கிறான். அக்கா கேட்டபோதெல்லாம் "எல்லாம் சரியா இருக்குக்கா" என்று சொல்லியிருக்கிறான். வங்கிக் கணக்குச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் அக்காவுக்கே தெரிந்தது.

இங்கே திறமைக் குறை எதுவும் இல்லை. தவணைத் தேதியை மறந்துபோய் அபராதம் வந்திருந்தால் அது திறமைக் குறை. நினைவூட்டல் வைத்தால், பொறுப்பை மாற்றிக்கொடுத்தால் தீர்ந்துபோகும். அக்கறையும் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் அவன்தான். உடைந்தது நேர்மை. அதிலும் பணத்தை எடுத்தது ஒரு காயம், நான்கு மாதம் பொய் சொன்னது வேறொரு காயம்.

இந்த இரண்டாவது காயத்தின் கனம் ஆய்விலும் தெரிந்திருக்கிறது. 2006-இல் ஷ்வைட்சர், ஹெர்ஷி, பிராட்லோ மூவரும் பணம் கொடுத்துத் திரும்பப் பெறும் ஒரு விளையாட்டைப் பல சுற்று ஆடவைத்துப் பார்த்தார்கள். சுயநலமாக நடந்துகொண்டதால் உடைந்த நம்பிக்கை, தொடர்ந்து நேர்மையாக நடந்துகொண்டபோது மீண்டது. அதே சுயநலத்தோடு பொய்யும் சேர்ந்திருந்தால், வாக்குறுதி கொடுத்தும், மன்னிப்புக் கேட்டும், ஒழுங்காக நடந்தும்கூட நம்பிக்கை முழுமையாகத் திரும்பவில்லை. "மாறிக்காட்டுகிறேன்" என்ற வாக்குறுதி தொடக்கத்தில் வேகம் கொடுத்தது. போகப்போக வாக்குறுதி கொடுத்தவருக்கும், ஒன்றும் சொல்லாமல் ஒழுங்காக நடந்தவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது.

ஆகவே "எடுத்த பணத்தைக் கட்டிவிட்டானே, இன்னும் என்ன?" என்று யாராவது கேட்டால், பணம் முதல் காயத்துக்கு மட்டுமே மருந்து என்று தயங்காமல் சொல்லலாம்.

முன்னால் இருக்கும் வழிகள்

மன்னிப்பதும் நம்புவதும் தனித்தனி என்றானபின் வழிகள் நான்காகின்றன. மன்னித்து உடனே பழையபடி நம்புவது. மன்னித்துவிட்டு நம்பாமல் இருப்பது. மன்னிக்காமலே ஓர் அளவுக்கு நம்பி வேலையை நடத்துவது. இரண்டையும் செய்யாமல் இருப்பது. ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: மன்னித்து, நம்பிக்கையைத் துண்டு துண்டாகத் திரும்பக் கட்டுவது. உறவு தொடரும் இடங்களில் பெரும்பாலும் அதுதான் தேவைப்படுகிறது. எனவே அதைக் கடைசியில் விரிவாகப் பார்க்கலாம்.

மன்னித்து உடனே பழையபடி நம்புவது சுலபமாகத் தெரியும். சிறிய தவறு, ஒரே முறை நடந்தது, திறமைக் குறையால் வந்தது, பிடிபடும் முன்பே அவராக வந்து சொன்னார் என்றால் இதுவே சரியான வழி. இந்த நான்கில் கடைசிக்குத்தான் மதிப்பு அதிகம். தானாக வந்து சொன்னவரையும் பிடிபட்டபின் ஒப்புக்கொண்டவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பெரிய தவறுக்கும் இதே வழியில் போனால் என்ன ஆகும்? ஜேம்ஸ் மெக்நல்ட்டி புதிதாகத் திருமணமானவர்களை முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார். எளிதில் மன்னிப்பவர்களின் துணைகளிடம் வசைச்சொல்லும் கைநீட்டலும் குறையாமல் அப்படியே நீடித்தன. அவ்வளவு எளிதில் மன்னிக்காதவர்களின் துணைகளிடம் அவை காலப்போக்கில் குறைந்தன. மன்னிப்பே தப்பு என்று இதைப் படிக்க வேண்டியதில்லை. விளைவு எதுவுமே இல்லாத மன்னிப்பு, தவறு செய்தவருக்கு "இதனால் ஒன்றும் ஆகாது" என்ற பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது. 2010-இல் லூச்சிஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. எதிராளி தன் தவறைச் சரிசெய்ய முயன்றபோது, மன்னித்தவரின் சுயமரியாதை கூடியது. எதிராளி ஒன்றுமே செய்யாதபோது, மன்னிக்க மன்னிக்க மன்னித்தவரின் சுயமரியாதைதான் தேய்ந்தது.

மன்னித்துவிட்டு நம்பாமல் இருப்பதுதான் ஊராரிடம் அதிகம் கெட்ட பெயர் வாங்கித்தரும் வழி. ஆனால் நாகரிகமான, நிலையான முடிவு இதுதான் என்று சொல்லக்கூடிய நிலைமைகள் நிறைய உண்டு. தவறு செய்தவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, அதே தவறு மூன்றாவது முறை நடந்திருக்கிறது, நம்பி ஒப்படைக்க வேண்டியது திரும்ப வாங்க முடியாத ஒன்று (குழந்தையின் பாதுகாப்பு, உடல்நலம், வாழ்நாள் சேமிப்பு), அல்லது அந்த ஆளோடு இனி எந்த விவகாரமும் இல்லை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் இந்த வழி போதும்.

உடல்ரீதியான வன்முறையோ மிரட்டலோ இருந்த இடத்தில் பேச்சே வேறு. பாதுகாப்பு உறுதியாகும்வரை நம்பிக்கை என்ற கேள்வியையே எடுக்கக் கூடாது. மன்னிப்பைத் தூரத்தில் இருந்தும் செய்யலாம். மன்னித்ததற்காகப் புகாரைத் திரும்பப் பெற வேண்டிய கட்டாயமும் இல்லை. சட்ட விளைவு மூன்றாவது விஷயம், அது தன் வழியில் போகட்டும்.

இந்த வழியில் வரும் கோளாறு ஒன்றுதான்: நம்பாமை மெல்லத் தண்டனையாக மாறிவிடும். சாவியைத் தர மறுப்பதோடு நிற்காமல், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காரணத்தையும் சொல்லத் தொடங்கிவிடுவோம். இதைத் தடுக்க, மன்னிக்கும்போதே எதையெல்லாம் விட்டுவிடுகிறேன் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சம்பந்தமில்லாத சண்டையில் இதை இழுக்க மாட்டேன். தெரியாத புது ஆட்களிடம் இதைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த மாட்டேன். அவருக்குக் கெடுதல் வந்தால் சந்தோஷப்படத் தேடிப் போக மாட்டேன். இந்த மூன்றும் மன்னிப்பில் அடங்கும். "மறுபடி கணக்கைப் பார்க்கச் சொல்லலாமா?" என்று யோசிக்கும்போது பழைய சம்பவத்தை எடுத்துப் பார்ப்பது இந்தப் பட்டியலில் சேராது. அது வேண்டிய தகவல்.

அக்கா-தம்பி உரையாடல் இப்படிப் போகலாம்:

"அக்கா, மன்னிச்சிட்டேன்னு நீதானே சொன்னே? அப்புறம் ஏன் ஏடிஎம் கார்டைத் தர மாட்டேங்கிறே?"

"மன்னிச்சது மன்னிச்சதுதான்டா. அதைச் சொல்லிக்காட்ட மாட்டேன், அம்மாகிட்டயும் இழுக்க மாட்டேன். கார்டு வேற பேச்சு. அதுக்கு உன் வார்த்தை போதாது, கொஞ்ச நாள் கணக்கைப் பார்க்கணும்."

குரலை உயர்த்தாமல் இதைச் சொல்ல முடிந்தால் மன்னிப்பு நடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

மன்னிக்காமல் நம்புவது விநோதமாகத் தோன்றும். ஆனால் உலகத்தில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. விவாகரத்தான இருவர் குழந்தையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். மனக்கசப்போடு பிரிந்த கூட்டாளிகள் மீதிக் கணக்கை முடிக்கிறார்கள். இங்கே நம்பிக்கை மனதில் இருக்க வேண்டியதில்லை, ஏற்பாட்டில் இருந்தால் போதும். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தேதி, நேரம், தொகை, யார் யாருக்கு எப்போது தெரிவிப்பது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணங்களும் குணவிமர்சனமும் அதில் வேண்டாம். மன்னிப்பு பிறகு வந்தால் வரட்டும், வராமலும் போகலாம். ஏற்பாடு அதை நம்பி நிற்கவில்லை.

மன்னிக்காமலும் நம்பாமலும் இருப்பது, காயம் புதிதாக இருக்கும்போது முழுக்க நியாயமானது. "உடனே மன்னிக்காவிட்டால் நீயும் கெட்டவன்" என்று காயம்பட்டவரை நெருக்குவது இரண்டாவது அநியாயம். இதற்கு விலை உண்டு என்பதும் உண்மைதான். 2001-இல் ஷார்லட் விட்வ்லியட்டும் அவருடைய சகாக்களும் செய்த சோதனையில், பழைய பகையை மனதில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் வியர்வையும் ஏறின. மன்னிப்பதுபோல் நினைத்துப் பார்த்தபோது அந்த அளவுகள் குறைவாக இருந்தன. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால் தேதி போட்டுத் தேர்ந்தெடுங்கள். "மூன்று மாதத்துக்கு எந்த முடிவும் எடுக்க மாட்டேன், அதன்பின் மறுபடி யோசிக்கிறேன்" என்பது வைராக்கியத்தை விட உதவும்.

இரக்கம் எங்கே ஏமாற்றும்

ஒரு நுணுக்கத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வொர்த்திங்டன் வகுத்த முறையில் ஐந்து படிகள்: காயத்தை நினைவுகூர்வது, எதிராளியின் நிலையில் நின்று பார்ப்பது, மன்னிப்பைக் கொடையாகக் கொடுப்பது, அதை எழுதியோ இன்னொருவரிடம் சொல்லியோ உறுதிசெய்வது, மனம் தடுமாறும்போது அந்த முடிவைப் பிடித்துக்கொண்டிருப்பது. இரண்டாவது படியில்தான் பலர் மன்னிப்பிலிருந்து நம்பிக்கைக்கு வழுக்கி விழுகிறார்கள். "பாவம், கடன்காரர்கள் கழுத்தை நெரித்தார்கள், வேறு வழியில்லாமல் எடுத்துவிட்டான்" என்று புரிந்துகொள்கிறோம். மன்னிக்க இது உதவும். அடுத்த நொடியே "ஆகவே இனி செய்ய மாட்டான்" என்று மனம் தாவிவிடுகிறது. அந்தத் தாவலுக்கு ஆதாரமே கிடையாது. கடன் நெருக்கடிதான் காரணம் என்றால், கடன் இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். இருந்தால், எந்தக் காரணத்தைப் பார்த்து மன்னித்தீர்களோ அதே காரணம் நம்பிக்கையைத் தள்ளிப்போடச் சொல்கிறது. நெருக்கடி எதுவும் இல்லாமல் எடுத்திருந்தால் மன்னிப்பது கடினமாகும், நம்புவது அதைவிடக் கடினமாகும்.

குடி, சூதாட்டம் போன்றவை பின்னால் இருந்தால் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மனம் வருந்தி அழுவது உண்மையாகவே இருக்கும், பழக்கமும் அப்படியே இருக்கும். சிகிச்சை தொடங்கிவிட்டதா, தொடர்ந்து போகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டிய ஆதாரம்.

துண்டு துண்டாகத் திரும்பக் கட்டுவது

உறவைத் தொடர விருப்பம் இருக்கிறது, தவறு செய்தவரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றால் இந்த வழி. இதில் அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கும்.

முதலில் முழு உண்மை, ஒரே அமர்வில். எவ்வளவு, எப்போதிலிருந்து, யாருக்கெல்லாம் தெரியும், வேறு எங்காவது இதே மாதிரி நடந்திருக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் வேண்டும். உண்மை தவணை முறையில் வெளிவந்தால் ஒவ்வொரு தவணையும் புதுப் பொய்யாகவே கணக்கில் சேரும். ஆறு மாதம் கட்டியது அன்று மாலையே இடிந்துவிடும். ஒரு நாடே இந்த விதியைக் கையாண்டது. தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு அளிக்க முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தது. வருத்தம் தெரிவிப்பதை நிபந்தனையாக வைக்கவில்லை. வருத்தத்தை அளக்க முடியாது, விவரத்தைச் சரிபார்க்க முடியும்.

அடுத்து, மன்னிப்புக் கேட்ட விதம். லெவிக்கி, போலின், லவுன்ட் மூவரும் 2016-இல் மன்னிப்புக் கோரலின் ஆறு பகுதிகளை ஒப்பிட்டார்கள்: வருத்தம், என்ன நடந்தது என்ற விளக்கம், பொறுப்பேற்பு, இனிச் செய்ய மாட்டேன் என்ற உறுதி, ஈடுசெய்யும் ஏற்பாடு, மன்னிக்கும்படி வேண்டுதல். "தப்பு என்மேல்தான்" என்ற பொறுப்பேற்பு எல்லாவற்றையும் விட எடுபட்டது. ஈடுசெய்யும் ஏற்பாடு அடுத்தது. "மன்னித்துவிடு" என்று கேட்பது கடைசி இடத்தில் நின்றது. நடைமுறையிலோ முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கிறது. உங்களிடம் வந்த மன்னிப்புக் கோரலில் பொறுப்பேற்பும் ஈடுசெய்யும் ஏற்பாடும் இல்லை என்றால், நம்பிக்கைக் கட்டுமானத்தைத் தொடங்க வேண்டாம். மன்னிப்பதானால் தாராளமாக மன்னிக்கலாம்.

பிறகு ஒரே ஒரு துறையைத் தேர்ந்தெடுங்கள். அக்கா-தம்பி விஷயத்தில் அது பணம். அதில் சிறிய அளவு ஒன்றை வையுங்கள். மொத்தமும் போனாலும் வீட்டுச் செலவு தடுமாறக் கூடாது, அதே சமயம் எடுக்கும் சபலம் வராத அளவுக்கு அற்பமாகவும் இருக்கக் கூடாது. மாத மருத்துவச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தம்பி கையாளட்டும், மீதியை அக்காவே கட்டட்டும் என்பது நல்ல தொடக்கம்.

காலத்தை நாட்களால் அளக்காமல் வாய்ப்புகளால் அளக்க வேண்டும். "ஒரு வருஷமா ஒழுங்கா இருக்கேனே" என்பதில், அந்த ஒரு வருடத்தில் பணம் கையில் வந்ததே இல்லை என்றால் அந்த ஒழுங்குக்கு மதிப்பில்லை. தவறு மாதச் செலவில் நடந்தது என்றால் ஆறு மாதச் சுற்றாவது பாருங்கள். அந்த ஆறில் ஒன்றிலாவது அவருக்குக் கைநெருக்கடி இருந்திருக்க வேண்டும். வீட்டு விழா போன்ற வருடம் ஒருமுறை வரும் சந்தர்ப்பத்தில் நடந்த தவறு என்றால், அந்தச் சந்தர்ப்பம் இரண்டு முறையாவது வந்துபோகட்டும்.

கண்காணிப்பு எவ்வளவு என்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒன்றுமே பார்க்காவிட்டால் ஆதாரம் சேராது. எல்லாவற்றையும் பார்த்தாலும் சேராது. போனின் பாஸ்வேர்டு, இருப்பிடம், ஒவ்வொரு செலவும் என்று முழுதாகக் கட்டிப்போட்டுவிட்டால், அவர் ஒழுங்காக இருப்பது குணத்தாலா கட்டுப்பாட்டாலா என்று தெரியவே தெரியாது. மல்ஹோத்ராவும் மர்னிகனும் 2002-இல் இதைச் சோதித்தார்கள். மீறவே முடியாத ஒப்பந்தம் போட்டவர்கள், எதிராளியின் ஒத்துழைப்புக்கு ஒப்பந்தம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தை நீக்கியதும் நம்பிக்கையும் போய்விட்டது. ஆகவே சோதனையை வெளிப்படையாக, குறைவாக, முடியும் தேதியோடு வையுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே நாளில், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பது. திருட்டுத்தனமாகப் போனைத் துழாவுவது வேண்டவே வேண்டாம். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் நிம்மதி வராது, பிடிபட்டால் உங்கள் நேர்மையும் சேர்ந்து உடைந்துவிடும்.

சறுக்கல் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தாமதம் வேறு, மறைத்தல் வேறு. கட்ட வேண்டிய தொகையை இரண்டு நாள் தாமதமாகக் கட்டிவிட்டு அன்றே சொன்னால் குறித்துக்கொண்டு தொடரலாம். சரியான நாளில் கட்டிவிட்டு, அதற்காக வேறொருவரிடம் கடன் வாங்கியதை மறைத்தால் ஆரம்பத்துக்குத் திரும்ப வேண்டும். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை.

அளவைக் கூட்டும்போது ஒரு நேரத்தில் ஒரு துறையில் மட்டும் கூட்டுங்கள். பணத்திலும் கூட்டி, வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்து, ரகசியத்தையும் சொல்லிவிட்டால், ஏதாவது கோணினால் எதில் கோணியது என்று பிரித்தறிய முடியாது.

தவறு செய்தவர் பக்கம்

இதைப் படிப்பவர் தவறு செய்தவராக இருந்தால், மிகவும் கெடுக்கும் கேள்வி "இன்னும் எத்தனை நாள் என்னை நம்பாம இருப்பே?" என்பதுதான். காயத்தின் சுமையை அது காயம்பட்டவர் தலையிலேயே வைக்கிறது. அதற்குப் பதிலாக, கேட்பதற்கு முன்பே தெரிவியுங்கள். "இந்த மாசக் கணக்கு இதோ, இந்த ஒரு செலவு திட்டத்துல இல்லாதது, காரணம் இது" என்று அவர் கேட்கும் முன் வந்து நிற்கும் ஒரு தகவல், கேட்டபின் காட்டும் பத்து ரசீதைவிட அதிகம் பேசும். மன்னிப்பை ஏற்கெனவே பெற்றிருந்தால் அதை நம்பிக்கைக்கு ஈடாக நீட்டாதீர்கள். கொடுத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தூண்டுவது அதுதான்.

ஒழுங்காக இருந்தும் ஒருநாள் பழைய சம்பவத்தின் நினைவு வந்து அவர் மறுபடி கேள்வி கேட்பார், மறுபடி அழுவார். முன்னேற்றம் எல்லாம் போய்விட்டது என்று அப்போது கைவிட வேண்டாம். உணர்வளவிலான மன்னிப்பு நேர்க்கோட்டில் வராது. பொறுமையாக அதே பதிலை மறுபடி சொல்லுங்கள்.

எப்போது நிறுத்துவது, எங்கே நிற்பது

இந்தக் கட்டுமானத்தை நிறுத்த வேண்டிய இடங்கள் மூன்று. ஒப்புக்கொண்ட முழு உண்மைக்கு வெளியே புதிதாக ஒன்று தெரியவரும்போது. சோதனைக்கு ஒப்புக்கொண்டவர் "என்னைச் சந்தேகப்படுறே" என்று அதையே ஆயுதமாக்கத் தொடங்கும்போது. மூன்றாவது உங்கள் பக்கம் இருப்பது: எல்லாம் ஒழுங்காக நடந்தும், ஆறேழு சுற்று முடிந்தும், அடுத்த அளவைக் கூட்ட உங்களுக்கு மனமே வராதபோது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது இருவருக்கும் மரியாதை. ஒருபோதும் தேறவே முடியாத தேர்வை ஒருவரை எழுதவைத்துக்கொண்டே இருப்பது கொடுமை.

முழு நம்பிக்கை திரும்பித்தான் ஆக வேண்டும் என்ற விதியும் கிடையாது. அக்கா பாதிச் செலவைத் தம்பியிடம் விடலாம், கூட்டுக் கணக்கைத் திறக்காமலே இருக்கலாம், இருவரும் அன்பாகவே இருக்கலாம். எந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறீர்கள் என்று முடிவாகிவிட்டால், அதைக் குறிப்பால் உணர்த்தக் காத்திருக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "செலவுக் கணக்கு உன்கிட்டயே இருக்கட்டும். சேமிப்புக் கணக்கு மட்டும் இனிமே என் பேர்லதான் இருக்கும். இதை நான் மாத்தப் போறதில்லை, நீ அதுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்."